ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு வரும் உறை

கார்த்திகை மழையில் அயனம்பாக்கம் ஏரி தெருவுக்குள் வந்தபோது, விரால் மீன் ஒன்று எழிலரசியின் கட்டிலில் ஏறித் தலையணையில் தலைவைத்துப் படுத்திருந்ததாம். மீனை யாரும் பார்க்கவில்லை. பின்சுவர் சரிந்தது மட்டும் சத்தியம்.

எழிலரசி அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைகளுக்குக் குறை பார்க்கிறவள். ஒரு நூல் பிசிறுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. தன் வீட்டுக் காகிதத்தில் இருந்த குறையைத்தான் ஏழு வருஷமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்தாள்.

விவாகரத்தானபோது ஜெகதீஷ் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பட்டாபிராமுக்குப் போனான். வீட்டு இன்சூரன்ஸ் மட்டும் அவன் பெயரிலேயே நின்றது. கிரகப்பிரவேசம் நடந்த தை மாதத்தில் வருஷம் தவறாமல் அவனே கட்டினான். பாலிசி உறை அவன் பெயரோடு இந்த விலாசத்துக்கே வந்தது. பெயரை மாற்றச் சொல்லி அக்கா சொர்ணம் தலையிலடித்துக்கொண்டாள். மாற்றினால் அந்த உறை வராது. அந்த வீட்டுக்கு அவன் பெயர் எழுதி வருவது அது ஒன்றுதான். இதை அக்காவிடம் சொல்ல முடியுமா?

இன்சூரன்ஸ் கிடைத்தால்தான் சுவர் எழும்பும். சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வீரராகவன் வந்த அன்று ஜெகதீஷும் வந்தான். செருப்பை வாசலில் விட்டு, விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றான். சர்வேயர் அளந்தார், படம் எடுத்தார், பாலிசியைப் புரட்டினார்.

"இவர் உங்க வீட்டுக்காரர்தானேம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெகதீஷ், "ஆமா சார்" என்றான்.

சுவருக்காகச் சொன்னானா, அவளுக்காகச் சொன்னானா? இரண்டு மூச்சு விடும் நேரம் அவள் அந்த ஆமாவை அப்படியே இருக்கவிட்டாள். பிறகு சர்வேயர் பத்திரம் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். விவாகரத்துத் தீர்ப்பு முதல் எல்லாம் அதில் இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. வீடு உள்ளவருக்குப் பாலிசி இல்லை, பாலிசி உள்ளவருக்கு வீடு இல்லை, கிளெய்ம் நிற்காது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா எழிலு, நீயாவது பேர மாத்தியிருக்கலாமே" என்றான் ஜெகதீஷ்.

"நீ எதுக்குக் கட்டிகினு இருந்த?"

அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "பழக்கம்தான். இனிமே உன் பேர்லயே போட்டுக்கோ."

பின்சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்தார்கள். தையில் தபால்காரர் உறை ஒன்றைக் கொடுத்தார். எழிலரசி, கதவிலக்கம் ஒன்பது. சட்டையைப் புரட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை.