கோசானாவின் கண்ணும் திரும்பி வந்த காப்பிப்பொடியும்

நிஷ் நகரத்தில் எங்கள் தெருவில் முடி வெட்டுபவள் கோசானா. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கடைதான் அவளுக்குச் சோறு, துணை, சண்டை எல்லாம். போன வருஷத்திலிருந்து அவள் கத்தரி காதை நெருங்கினாலே நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஏன் என்று யாரும் பேசவில்லை. இலவசமாகக் காப்பி கொடுக்கிற கடையில் சில விஷயங்களைப் பேசக்கூடாது.

கோசானா எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரமெல்லாம் தெரியும். எதிரே நிற்பவரின் இரண்டு காதும் தெரியும், மூக்கு இருக்காது. பாதிப் பேருக்கு அது இல்லாததே லட்சணம் என்று சிரிப்பாள். வலது கண் மோசம். இடது கண்ணும் அதே வழியில் கிளம்பிவிட்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நெவெங்கா ஒளிக்காமல் சொன்னார். போன பார்வை வராது. இருப்பதைக் காப்பாற்ற ஒரு புது மருந்து பரிசோதனையில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை வலது கண்ணுக்குள் ஊசி. பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சீழ் பிடித்தால் அந்தக் கண்ணில் மிச்சமிருப்பதும் போகும். பாதிப் பேருக்கு மருந்தே கிடையாது. ஊசியில்லாத குழாயைக் கண்ணில் அழுத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள். யாருக்கு எது என்பது அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கோசானா தலையாட்டிவிட்டு, கொண்டுபோன பையை மேஜைமேல் வைத்தாள். காப்பிப்பொடி, ஒரு பெட்டி சாக்லேட், வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம். இதை லஞ்சம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். இது மரியாதை. மரியாதை செய்யாமல் எங்களில் யாரும் காய்ச்சலுக்குக்கூட மாத்திரை வாங்கியதில்லை. டாக்டர் நெவெங்கா பையை இரண்டு கையாலும் திருப்பித் தள்ளினார். பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் எதுவும் வாங்கக்கூடாதாம்.

அன்று சாயங்காலமே கடையில் விசாரணை கூடிவிட்டது. கறிக்கடை ரட்கோவும், தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்லாவிட்சாவும் நீதிபதிகள். ஊசியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"காப்பிப்பொடியைத் திருப்பிக் குடுத்தாளா?" என்றாள் ஸ்லாவிட்சா. "என் அண்ணனுக்குக் கடைசியா வந்த டாக்டரும் இப்படித்தான்டி வாங்கல. அந்த வாரமே கல்லறையில மெழுகுவத்தி ஏத்தினோம்."

"உன்னை சோதனை எலின்னு முடிவு பண்ணிட்டாங்க அக்கா," என்றான் ரட்கோ. "எலிகிட்ட யாராவது சாக்லேட் வாங்குவாங்களா?"

கோசானா சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் அதே பையோடு டாக்டர் ஸ்ரெட்டனிடம் போனாள். பழைய மனிதர், பழைய பழக்கம். பையை வாங்கினார், சாராயத்தை மோந்து பார்த்து எந்த வருஷத்துப் பழம் என்று அக்கறையாக விசாரித்தார். கண்ணை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒன்றுமில்லை, எல்லாம் வயசுதான் என்றார். கடை முழுக்க நிம்மதி பரவியது. காப்பியை வாங்கிக்கொண்ட டாக்டர் பொய் சொல்வாரா?

வியாழக்கிழமை ஸ்லாவிட்சா நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாள் அவள் வீட்டுக் குலப் புனிதரின் திருநாள், ஊரே வரும். பின்கழுத்து முடிந்தது, காதோரம் முடிந்தது, நெற்றி முடிதான் பாக்கி. கோசானா குனிந்து கத்தரியை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் திட்டு.

"கண்ணை மூடிக்கோ," என்றாள்.

"மூடித்தான இருக்கேன்," என்றாள் ஸ்லாவிட்சா.

கத்தரி அப்படியே நின்றது. சுவரில் ரேடியோ என்னமோ பாடிக்கொண்டிருந்தது. கோசானா கத்தரியை மடக்கிப் பையில் போட்டாள். வெட்டாத நெற்றி முடியோடு ஸ்லாவிட்சா தன் விருந்தாளிகளை வரவேற்றாள். புது பாணி என்று சொல்லிக்கொண்டாளாம்.

வெள்ளிக்கிழமை கோசானா டாக்டர் நெவெங்காவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏன் டாக்டரம்மா வாங்கல? நான் பொழைக்க மாட்டேன்னா?"

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்காமல் இருந்தார். அது பெரிய விஷயம். "வாங்கியிருந்தா, நிஜ மருந்து உங்களுக்கு வர்ற மாதிரி நான் பாத்துப்பேன்னு நினைச்சிருப்பீங்க. அது என் கையில இல்ல."

"அப்ப யார் கையில இருக்கு?"

"யார் கையிலயும் இல்லம்மா. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும்."

கோசானா வீட்டு வரியிலிருந்து கல்லறை இடம் வரை எதற்கும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்தே காரியம் முடித்தவள். ஆளே இல்லாத கதவை அவள் பார்த்ததில்லை.

"உங்கம்மாவா இருந்தா போட்டுக்கச் சொல்லுவீங்களா?"

"எங்கம்மா நான் சொல்லி எதைக் கேட்டாங்க?" என்றார் டாக்டர். பிறகு, தான் இதில் போ என்றும் சொல்லக்கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது என்றார்.

"நடுவுல பயமா இருந்தா எழுந்து போயிடலாமா?"

"எப்ப வேணா போகலாம். காரணம்கூட சொல்ல வேண்டாம். வழக்கமான வைத்தியத்தை நான் நிறுத்த மாட்டேன்."

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் அவள் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

ஊசி நாளன்று கண்ணை மரக்கவைத்து, இமைகளைக் கம்பியால் விலக்கி, மேலே பாருங்கள் என்றார்கள். ஓரத்தில் ஒரு கை வந்தது. கை எதைப் பிடித்திருக்கிறது என்பது திட்டுக்குள் போய்விட்டது. ஒரு அழுத்தம். அவ்வளவுதான். எழுந்து போகலாம் என்பது அப்போது ஞாபகம் இருந்தது என்றும், கால்தான் அசையவில்லை என்றும் பின்னால் சொன்னாள்.

கடையில் எல்லோரும் காத்திருந்தோம். மருந்தா வெறும் குழாயா என்று ரட்கோ பந்தயம்கூடக் கட்டியிருந்தான்.

"தெரியாது. அங்க யாருக்குமே தெரியாது," என்றாள் கோசானா.

"அப்ப ஏமாத்துதான?" என்றாள் ஸ்லாவிட்சா.

"தெரியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க என்னத்தடி ஏமாத்தப் போறாங்க? அடுத்த மாசமும் போறேன். அதுவரைக்கும் நெத்தி முடியை உன் மககிட்ட வெட்டிக்கோ."