என் அடையாள அட்டையைக் கேட்டவர்

எங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஓய்வு பெறுகிறாராம். பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் ஒரே அமர்க்களம். விழா மலருக்காக அவருடைய தலைமைப் பண்பைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, நானும் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பள்ளியில் நான் கபடி ஆடியதைப் பார்த்துவிட்டு அவர் அப்பாவைத் தேடி வயலுக்கே வந்துவிட்டார். குறுவை நடவு நேரம். பேண்டைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் நின்று, "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் என் பொறுப்புங்க. இனிமே உங்க பொண்ணு என் பொண்ணு" என்றார். குத்தகை நிலத்துச் சேற்றில் நின்றபடியே அப்பா கும்பிட்டார். தஞ்சாவூர் காலேஜ் சார் வரப்பேறி வந்து பெண் கேட்ட மாதிரி கேட்டார் என்று ஊரெல்லாம் சொன்னார்.

பொய் சொல்லக் கூடாது. பயிற்சி நன்றாகத்தான் கொடுத்தார். விடிவதற்குள் மைதானத்தில் நிற்பார். கடைசிப் பெண் பஸ் ஏறும்வரை வீட்டுக்குப் போகமாட்டார். அதனால்தான் அவர் எதைக் கேட்டாலும் கொடுத்தோம்.

இரண்டாம் ஆண்டு மயிலாடுதுறையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதற்கு முந்தின வாரம் அவர் வெளியூரிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அவள் எங்கள் கல்லூரியே இல்லை, எந்தக் கல்லூரியும் இல்லை. ஆனால் ரைடு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள்.

"முட்டி வலிக்குதுன்னியேம்மா? நீ ரெஸ்ட் எடு. உன் ஐ.டி. கார்டைக் குடு, ஃபோட்டோவை மட்டும் மாத்திப்போம்" என்றார்.

என் முட்டியின் மேல் என்னைவிட அவருக்குத்தான் என்ன அக்கறை! கொடுத்தேன். போட்டிக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். மனசு கேட்கவில்லை. பஸ் பிடித்துப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்தேன். எங்கள் அணி ஜெயித்தது. மைக்கில் சிறந்த ரைடர் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்கு எழுந்து நின்றுவிட்டேன்.

கல்லூரிப் பழக்கம். பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருப்போம், அவ்வளவுதான். களத்தில் அவளும் முன்னால் வந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த வேறு கல்லூரி அணிப் பெண்கள் போன வருஷம் எனக்கு எதிராக ஆடியவர்கள். "ஏய், அவ பேரு இவளோடதுடீ!" என்று கத்தினார்கள். கோப்பை மேசையிலேயே நின்றது.

நடுவர்களிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு எதுவும் தெரியாதுங்க. பிள்ளைங்க பண்ணின வேலை."

கல்லூரியில் விசாரணைக் குழு போட்டார்கள். அதற்கு முன்பே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நானாத்தான் கார்டைக் குடுத்தேன்னு எழுதிடும்மா. இல்லேன்னா டீமையே கலைச்சிடுவாங்க, ஜூனியர் பிள்ளைங்க ஹாஸ்டலை விட்டுப் போகணும். ரெண்டு மாசத்துல நான் சரி பண்ணிடறேன்."

எழுதிக் கொடுத்தேன். அட்டையில் ஃபோட்டோவை ஒட்டியது யார் என்று அந்தக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. படிப்பு முடியும்வரை எனக்கு ஆடத் தடை. அதன் பிறகு அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் வேறொருத்தியின் அட்டையில் வேறொருத்தி ஆடினாள் என்று கேள்விப்பட்டேன்.

விஷயம் தெரிந்து அப்பா கல்லூரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கபடி என்ற சொல்லே எங்கள் வீட்டில் இல்லை. எனக்குப் பயம். அப்பா கேட்டால் சொல்லலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

இதையெல்லாம் எழுதிக் குழுவில் போட்டேன். உடனே ஒரு ஜூனியர் கூப்பிட்டாள். இப்போது அவள் போலீசில் இருக்கிறாள். "அக்கா, அவராலதான் எனக்கு இந்த வேலை. ரிட்டயர் ஆகுற நேரத்துல வேணாம்க்கா, எடுத்துடுங்க."

"உனக்குச் செஞ்சாரு, சந்தோஷம். அதை நீ எழுது. எனக்குச் செஞ்சதை நான் எழுதியிருக்கேன்" என்று வைத்துவிட்டேன். தலைவன் என்றால் முதல் அடியைத் தான் வாங்க வேண்டும். இந்த மனுஷர் பத்தொன்பது வயதுப் பெண்ணை முன்னால் தள்ளிவிட்டு ஒளிந்துகொண்டார்.

கோபம் தணியாமல் ஊருக்குப் போய் அப்பாவிடமும் அதைப் படித்துக் காட்டினேன்.

"அன்னைக்கு உனக்காக அவரு கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேம்மா" என்றார் அப்பா.

"அவரு என்னப்பா சொன்னாரு?"

"பரவால்லங்க, சின்னப் பொண்ணுதானே, மன்னிச்சிட்டேன்னாரு."