திரை கட்டிய வண்டி

ஐம்பத்தாறாம் ஆண்டைப் பற்றி எங்கள் ஊர் ஆண்களிடம் கேட்டால் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைச் சொல்வார்கள். அதை விட்டால், பக்கத்து ஊர் காரைதீவை வென்ற பெருநாள் பந்தாட்டத்தைச் சொல்வார்கள். எனக்கு அது திரை வண்டி வருடம்.

அப்போது கல்முனையில் எங்கள் முஸ்லிம் பெண்கள் வாக்குப் போட நடந்து போவதில்லை. கட்சிக்காரர்கள் மாட்டுவண்டியில் சேலையால் திரை கட்டி ஏற்றிப் போவார்கள். என் கணவர் ஆளுங்கட்சி ஆள். நெல் ஆலைக்குப் பெர்மிட் எடுத்துத் தருவதாக வேட்பாளர் சொல்லியிருந்தார். அந்த ஆசையில் என் கலியாணச் சேலையையே திரையாகக் கட்டினார். ஏறியவர்கள் எல்லாரும் தன் கட்சிக்குத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார் மனிதர்.

மற்றப் பெரிய கட்சியைப் போலவே அந்தக் கட்சியும் சிங்களம் மட்டும் என்று சொல்லிவிட்டதை ரேடியோவில் நானும் கேட்டிருந்தேன். காது எனக்கும் இருக்கிறதே! தமிழுக்காக எதிர்த்து நின்றவர் பெயருக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு அதே வண்டியில் வீடு திரும்பினேன்.

அவருடைய வேட்பாளர் தோற்றார்.

"நம்மட வண்டியில போன பொண்டுகள் ஆரோ காலை வாரிட்டாளுகள்," என்று குதித்தார்.

"ஆரோ இல்ல மச்சான். நான்தான்."

"இனி இந்த வீட்டில இரிக்க மாட்டன்!"

"போங்க. வீடு என்ட."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். கலியாணம் முடித்து வந்து குடியிருப்பவன் ஆண். அவர் தன் உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டார். என்னை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்தான். ஆனாலும் கூப்பிட ஆள் அனுப்பவில்லை. நோன்பு முழுக்கத் தனியாகவே கஞ்சி காய்ச்சினேன். பெருநாளுக்கும் அவர் வரவில்லை. பந்தாட்டத்தில் வென்று ஊரே கூத்தாடிய சத்தம் மட்டும் வந்தது.

ஆனி மாதத்தில் சட்டம் நிறைவேறியது. மறுநாள் வாசலில் வந்து நின்றார், கையில் என் சேலை.

"நீ புள்ளடி போட்டு என்னத்தக் கண்ட? சட்டம் வந்துட்டுத்தானே," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்தா வரட்டும். என்ட கையால வரல்ல."

சேலையைப் பிடுங்கினேன், மாட்டுச் சாணி நாறியது.

"இனி இதத் திரை கட்டத் தரமாட்டன். அடுத்த முறை நான் நடந்துதான் போவன்."

"ஓம்," என்றார்.

அதன் பிறகுதான் வழிவிட்டேன்.