வெட்டாத விரலுக்குப் படிவம் இல்லை

செய்தி கைபேசியில் ஒரு வரியாக வந்தது. கமலா மிஸ்ஸி காலமானார். கீழே கும்பிடும் கைகள். நான் நம்பவில்லை. வேறு கமலாவாக இருக்கலாம். புத்தூரில் அவருடைய வீட்டுக்கு அழைத்தேன். யார் எடுத்தார்கள் என்று தெரியாது. பின்னால் பறை கேட்டது. வைத்துவிட்டேன்.

இப்படி நம்பாமல் இருப்பதை அவரிடம் பழகினேன் என்று எழுத ஆசை. அது பொய். எனக்கு அது முன்பே இருந்தது. அதனால்தான் அவரைச் சந்தித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பகுதி வைத்தியசாலையில் சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவு நோயாளரின், கால்களுக்கு மருந்து கட்டும் அறையில் பல வருடங்கள் தாதியாக இருந்தார். யாருடைய வாயையும் நம்பமாட்டார். "காலைக் காட்டுங்கோ. கதையைப் பிறகு கேப்பம்." நோகவில்லை என்று சொல்பவரைத்தான் முதலில் இருத்துவார். "நோகேல்லை எண்டால்தான் எனக்குப் பயம்." அந்த வருத்தத்தில் கால் மரத்துப்போகும்.

நான் பட்டதாரி நியமனத்தில் வந்தவன். அரச ஊழியருக்கும் ஓய்வூதியருக்குமான காப்புறுதி விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வைத்தியசாலை விடுதியில் நோயாளியாக ஓர் இரவாவது தங்கியவருக்குத்தான் காப்புறுதி. கிளினிக்குக்கு வந்து காலைக் கழுவி, மருந்து கட்டிக்கொண்டு போகிறவருக்கு எதுவும் இல்லை. கால் அளவுக்குத் தைக்கும் மெத்தைச் சப்பாத்தும் விடுதியிலிருந்து போகும்போது வைத்தியர் எழுதினால்தான்.

ஒரு நாள் கோப்புகளைப் புரட்டும்போது ஒன்று உறுத்தியது. எல்லோருக்கும் சிறிய புண். எல்லோரும் ஒரே ஓர் இரவு. எல்லோருக்கும் சப்பாத்து. விடுதி அனுமதித் துண்டுகளில் ஒரே கையெழுத்து.

பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மிஸ்ஸி ஒரு குதிக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. எழுதியது யார் என்று கேட்டேன். தான்தான் என்றார். அனுமதித்தது வைத்தியர், எழுதியது தான்.

"ஆள் வந்து படுத்தது. சாப்பிட்டது. குறட்டை விட்டது. உதிலை எது பொய், தம்பி?"

குதிக்காலுக்கு உரியவர் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

பொய் இல்லை. ஆனால் உண்மையாகவும் தோன்றவில்லை. சப்பாத்துக்காகக் கட்டிலில் ஆளைப் படுக்கவைப்பது சரியா? இன்றும் எனக்கு விடை தெரியாது. அன்று தெரியும் என்று நினைத்தேன். சிறிய புண்ணுக்கு அனுமதி ஏன் என்று விளக்கம் கேட்டு வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதினேன். நான்கு வரி. பதில் வரவில்லை. அதன்பின் ஓர் இரவுத் துண்டுகளும் வரவில்லை. என் வேலை சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நடராசா மாஸ்ரர் அடுத்ததாக ஓர் இரவுக்கு விடுதிக்கு வர இருந்தவர். என் கடிதத்தோடு அது நின்றது. கொக்குவிலில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சப்பாத்தைச் சொந்தக் காசில் வாங்குங்கோ என்று மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். மாஸ்ரர் கேட்கவில்லை. முப்பது வருடம் படிப்பித்தவருக்கு உரியது, அது வரட்டும் என்று காத்திருந்தார். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பழைய சப்பாத்து. ஒரு நாள் அதற்குள் ஒரு சின்னக் கல். சந்தைக்குப் போய், தபாற்கந்தோருக்குப் போய், வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் மேசில், காலுறையில், இரத்தத்தைக் கண்டார். கால் அவருக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அந்த விண்ணப்பமும் என் மேசைக்கு வந்தது. எல்லாம் இருந்தது. சத்திரசிகிச்சை, இரவுகள், முத்திரை. கேட்க ஒரு கேள்வியும் இருக்கவில்லை. அன்றே அனுப்பினேன்.

சில நாட்களின் பின் மிஸ்ஸி கந்தோருக்கு, என் அலுவலக மேசைக்கே, வந்தார். நான் எழுந்தேன். இருக்கச் சொன்னார். தான் இருக்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"வெட்டினதுக்குத் தாறியள். வெட்டாமல் வைச்சிருக்கிற விரலுக்கு எந்தத் துண்டைக் கொண்டுவந்து காட்டுறது?"

நான் விதியைச் சொன்னேன். வேறென்ன சொல்வது. அவர் என் மேசைக்குக் கீழே குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். போவதா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான். படலையடியில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே எல்லோரும் வெறுங்கால். மாஸ்ரர் மட்டும் பொல்லை ஊன்றிக்கொண்டு, மெத்தைச் சப்பாத்தோடு, கதிரையில் இருந்தார். விரல் போன பிறகு கிடைத்த சப்பாத்து. ஒரு கிழவர் முகம் சுளித்து, பிரேதம் கிடக்கிற வீடு என்று முணுமுணுத்தார்.

"உதிலை கிடக்கிறவவைக் கேளும்," என்றார் மாஸ்ரர். "கழட்ட விடமாட்டா."

பிறகு என்னைக் கூப்பிட்டார். குனிய முடியவில்லையாம். சப்பாத்துக்குள் ஏதும் கிடக்கிறதா என்று ஒருக்கால் பார்க்கட்டாம். கடிதத்தில் இருப்பது என் பெயர். அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாரா? முகத்தில் ஒன்றும் இல்லை.

முழங்காலிட்டுச் சப்பாத்தைக் கழற்றினேன். கையை விட்டுத் தடவினேன். முன்பக்கத்தில், இரண்டு விரல்களின் இடத்தில், பஞ்சு அடைத்திருந்தது.

"ஒண்டுமில்லை, மாஸ்ரர்."

சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. பஞ்சை எடுத்து, கவிழ்த்துத் தட்டி, மறுபடி கையை விட்டேன். மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டாவது தடவை.