பக்கத்து வீட்டுக் காவல்காரர்கள்

பெருமுக்கல் மலை தெரியும் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசியில் புயல் அடித்தது. எங்கள் தெருவில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. காற்று எங்கள் கூரையைத் தூக்கிய நேரத்தில் நானும் என் மனைவியும் மகளை நடுவில் போட்டு இரும்புக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தோம். கூரை போனதும் மண்சுவர் கரைந்து எங்கள் மேல் சேறாக வழிந்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அழவில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடியாமல், ஓட்டை விசிலை ஊதுவது மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாள். புயல் மறுநாள் போய்விட்டது. அந்தச் சத்தம் போகவில்லை.

திண்டிவனத்து டாக்டர் அதற்கு இழுப்பு என்று பெயர் சொன்னார். ஈரத் தரையும் அடுப்புப் புகையும் ஆகாது, நல்ல காய்ந்த வீடாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை. வீடு என்பது எல்லோரிடமும் ஒன்று இருக்கும், அதைக் காயவைத்தால் போதும் என்று நினைத்திருப்பார். நாங்கள் என் பள்ளிக்கூடத்தில் குடியிருந்தோம். தெருவே அங்கேதான் இருந்தது. பகலில் நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய அறையில், மணி அடித்ததும் நான்கு குடும்பங்கள் பாயை விரித்து, வராந்தாவில் அடுப்பை மூட்டிவிடும். சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு எழுந்து உட்கார்ந்தாலே போதும். அப்படியும் தாமதமாக வந்தார்கள்.

கோடை வந்ததும் ஓலைக் கொட்டகைகளுக்குப் போனோம். அப்போதுதான் மாதா கோயில்காரர்கள் வந்தார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு கூட்டம், திண்டிவனத்திலிருந்து ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு லாரியில் ஏறி வந்து எங்களுக்கு வீடு கட்டினார்கள். வங்கி குமாஸ்தா, தையல்காரர், டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் பெண்கள், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்று எல்லோரும் இருந்தார்கள். எங்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சிரிப்பதைப் பார்த்து யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விழுப்புரத்தார் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார்கள், திண்டிவனத்தார் நீலத் தொப்பி. வீடு கட்டுவதில் ஆண்டவருக்கு எந்தத் தொப்பி பிடிக்கும் என்று இரண்டு கூட்டத்துக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மஞ்சள் தொப்பிச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தால் நீலத் தொப்பிகள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள். செங்கலை லாரியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவர நீளமாக வரிசை கட்டி நிற்பார்கள். லாரியை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாமே என்று டிரைவர் கேட்டதற்கு, அப்புறம் எல்லோருக்கும் வேலை எப்படிக் கிடைக்கும் என்று பதில் வந்தது. வரிசையில் நின்றபடி பாடுவார்கள். அந்த ஆண்டு எங்கள் ஊரில் மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, களை எடுத்த பெண்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் பாடினார்கள். களை நன்றாகத்தான் வந்தது.

போட்டோ எடுக்க ஒருவர் வருவார். வீடு இல்லாதபோது ஒரு படம், வீடு வந்த பிறகு ஒரு படம். முதல் படத்துக்கு நாங்கள் துக்கமாக நிற்க வேண்டும். என் முறை வந்தபோது, விழுப்புரத்துக் கூட்டத்தை நடத்தி வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். நல்ல மனிதர். வேர்வை துடைக்க ஒரு துண்டும், எல்லோரையும் சமாதானப்படுத்த ஒரு சிரிப்பும் எப்போதும் கைவசம் வைத்திருப்பார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கண்ணாடியையும் வாட்சையும் கொஞ்சம் கழட்டிக்கினு நின்னீங்கன்னா நல்லா இருக்கும். இல்லாட்டி நீங்க எங்க ஆள் மாதிரி தெரியறீங்க."

கழற்றினேன். கண்ணாடி இல்லாமல் கேமரா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் நான் ஒரு ஆட்டைப் பார்த்து மிகுந்த துயரத்தோடு நிற்கிறேன். எந்த நாட்டிலோ யாரோ அதைப் பார்த்து மனமிரங்கியிருப்பார்கள். ஆட்டுக்கும் ஒரு வீடு அனுப்பாமல் விட்டது ஆச்சரியம்தான்.

மறுபடியும் மழை தொடங்கியதும் கொட்டகைகள் ஒழுகின. பள்ளிக்கூடத்துக்கே திரும்பினோம். மகளின் சத்தமும் திரும்பியது. ஆனால் கார்த்திகை முடிவதற்குள் வீடுகள் தயாராகிவிட்டன. ஓட்டுக்கூரை, சிமெண்ட் தரை, வெள்ளை அடித்த சுவர். எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது.

கதவு பூட்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

ஏஜெண்டிடம் போய் மகளின் நிலையைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து ஒரு சாமியார் வருகிறார், இந்த வீடுகளுக்கு உதவி அனுப்பிய சபையைச் சேர்ந்தவர், அவர் கையால்தான் திறக்க வேண்டும் என்றார். அவர் வரும்போது சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். நாங்கள் குடிவந்தால் அடுப்புக் கரி ஏறிவிடும். வெள்ளையாக இருந்தால் அவர் சந்தோஷப்படுவார், அடுத்த ஊருக்கும் வீடு கிடைக்கும். நான் திரும்பி நடந்தேன். அடுத்த ஊரிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். அதுவும் மகளுக்காக இல்லை. கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. மார்கழியில் யாராவது புது வீட்டுக்குக் குடிபோவார்களா? ஊரில் நாள் நட்சத்திரம் சொல்பவர் மளிகைக் கடைக்காரர். கடையில் அரிசி மூட்டைக்கு மேலே தினசரிக் காலண்டர் தொங்கும். அவருடைய சோதிட அறிவு அதைக் கிழிக்கும் வேலையிலிருந்து வந்தது. கார்த்திகையில் ஒரு நல்ல நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார். அது ரிப்பனோடு போயிற்று. இனித் தை முதல் தேதிதான், நடுவில் யார் குடிபோனாலும் அந்த வீட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. அவரும் சாக்கு மூட்டைகளின் மேல்தான் படுத்துக்கொண்டிருந்தார்.

ஆக, தயாரான வீடுகள் ஒரு பக்கம், நனைந்த மனிதர்கள் ஒரு பக்கம், இடையில் இரண்டு மதங்கள் காவல் நின்றன.

மார்கழி பிறந்த வாரத்தில் விடாமல் மழை. வகுப்பறைத் தரை வியர்த்தது. வராந்தா அடுப்புகளின் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளே வந்து படுத்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தண்ணி" என்ற சொல்லை இரண்டு மூச்சாகச் சொன்னாள். உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. திண்டிவனம் பஸ் ஓடவில்லை; ஓடையில் தண்ணீர் சாலைக்கு மேல் போவதாகச் சொன்னார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் அவள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரம் பக்கமிருந்து சாலை அடைபடவில்லை போலிருக்கிறது, மஞ்சள் தொப்பிகளின் லாரி வந்தது. ஏஜெண்ட் அறைக்குள் வந்து மகளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து, எங்கள் வீட்டுச் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். ரிப்பன் போனால் போகட்டும் என்றார்.

நான் மகளைத் தூக்கக் குனிந்தேன். என் மனைவி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மார்கழியில கொழந்தைய தூக்கிக்கினு போய் புது வீட்ல கால் வெக்கச் சொல்றீங்களா? ஏற்கனவே மூச்சு வர்ல அதுக்கு."

நான் படித்தவன் பேசுகிற எல்லாவற்றையும் பேசினேன். மாதத்துக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்றேன். ஈரம், புகை, நுரையீரல் என்றேன். கரும்பலகை பின்னாலேயே இருந்ததால் படம் போட்டுக்கூடக் காட்டியிருப்பேன். அவள் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபோது, நான் எந்தப் பயத்தில் தூக்க வந்தேனோ அதே பயத்தில்தான் அவள் விட மறுக்கிறாள் என்று தெரிந்தது.

நாங்கள் இருவரும் மகளை நடுவில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்ததை ஏஜெண்டால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக வேறு ஒரு பேஜாரைச் சொன்னார். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் எவனோ ஜன்னல் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டு போகிறானாம். சாமியார் வரும்வரை காவலுக்கு ஆள் போட வேண்டும், யாராவது கிடைப்பார்களா என்று என்னைக் கேட்டார்.

என் மனைவி தலை நிமிர்ந்தாள்.

"காவலுக்கு வர்ற ஆளு எங்க படுப்பான்?"

"உள்ளதாம்மா. மழையில வெளிய எப்படி?"

"அவன் பொண்டாட்டி புள்ள?"

ஏஜெண்ட் யோசித்தார். "கூடதான் படுப்பாங்க."

"அப்ப பக்கத்து வீட்டுக்கு நாங்க காவல். எங்க வீட்டுக்கு அவங்க காவல். எங்க வீட்ல நாங்க கால் வெக்கல. நீங்களும் தொறந்து வெக்கல. சரிதான?"

மகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஏஜெண்ட் என் கையிலிருந்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மளிகைக் கடைக்காரரிடம் விஷயம் போயிற்று. அவர் காலண்டரைப் பார்க்கவே இல்லை. "சத்திரத்துல தங்கறதுக்கு எவனாவது நாள் பாப்பானா? காவல் வேற, குடித்தனம் வேற. ஆனா உள்ள அடுப்பு மூட்டக் கூடாது. மூட்டினா அது குடித்தனம்" என்று தீர்ப்புச் சொன்னார். ஏஜெண்டும் சுவரை நினைத்து, அடுப்பு மட்டும் மூட்டவே கூடாது என்று கேட்டுக்கொண்டார். நானறிந்தவரை எங்கள் வட்டாரத்தில் இரண்டு மதங்களும் முழு மனதாக ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் அதுவேதான்.

மாலைக்குள் தெரு முழுவதும் காவலுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்தின் வீட்டைக் காத்தது. ரிப்பனை அவிழ்க்கக் கூடாது என்பதால் எல்லோரும் அதற்கு அடியில் குனிந்துதான் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத ஒருவர், அவனுடைய வாசலில் தினமும் தலை வணங்கி உள்ளே போனார். கடைக்காரர் தன் மூட்டைகளோடு எங்கள் வீட்டைக் காக்க வந்தார். பிள்ளைக்குப் பாலைப் பள்ளிக்கூட வராந்தாவில் காய்ச்சி, முந்தானைக்குள் மறைத்து எடுத்து வருவாள் என் மனைவி, யாரோ திருட்டுச் சாராயம் கடத்துவது மாதிரி. ஜன்னல் கொக்கிகள் அதற்குப் பிறகு களவு போகவில்லை. கழற்றியவனும் எங்கோ காவலில் இருந்திருப்பான்.

மகளின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு விடியலில் விழித்து, வழக்கம்போல் அந்தச் சத்தத்தைத் தேடினேன். இல்லை. பதறிப்போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். வெறுமே தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டுச் சாமியார் வந்த அன்று பாய்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, அந்த வீடுகளை முதல்முறை பார்ப்பவர்கள் மாதிரி நின்றோம். இந்தப் படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவர் ரிப்பனை வெட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, போர்வைக்குள் மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆள் கூட்டத்தில் அவளை எழுப்ப மறந்துவிட்டோம். இது யார் என்று அவர் கேட்டார். ஏஜெண்ட் பொய் சொல்லத் தெரியாதவர். காவல்காரர் என்றார். சாமியார் ஒன்பது வயதுக் காவல்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே வந்தார்.

தை முதல் தேதி நல்ல நேரத்தில் எங்கள் சொந்த வீட்டுக்குப் போனோம். நடு வீட்டில் மூன்று கல் வைத்துப் பால் பானை ஏற்றினோம். மழையில் ஊறிய சவுக்கு விறகு. புகை ஓட்டுக்கு அடியில் கட்டி நின்றது. ஊரே வாசலில் நின்று, பால் எந்தப் பக்கம் பொங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் ஒரு முறை இருமினாள். அப்புறம் அந்த விசில்.

பால் நுரை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவி செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள்.

வாசலில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கடைக்காரர், "அம்மாடி, இன்னா காரியம் பண்ணிட்ட" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பானையை இறக்கி, கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் வெளியே வேப்ப மரத்தடியில் வைத்தாள். மார்கழிக்குப் பயந்தவள் தைக்குப் பயப்படவில்லை.

இன்றுவரை எங்கள் வீட்டில் சமையல் வெளியேதான். சுவர் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. மகள் இப்போது திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னால் நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன். விடுதி வாசலில் நின்று அவளோடு பேசுகிறேன். பேச்சைக் கேட்பதில்லை, நடுவில் மூச்சு எப்படி வருகிறது என்று கேட்கிறேன். போன வாரமும் போனேன். தோழிகள் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நல்லாதாம்ப்பா மூச்சு உட்றேன். நீ கெளம்பு, கடைசி பஸ் போயிடும்" என்றாள்.

ஒரே மூச்சில் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.