பதிலுக்கு வந்தவள்

நல்லம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் பதினாறு வருடம் அடுத்தவர் கதிரையில் உட்கார்ந்தே போனது. யாருக்காவது பிரசவ லீவு, யாருக்காவது கால் முறிவு என்றால், கண்டியைச் சுற்றியுள்ள விசேட கல்விப் பிரிவுகளிலிருந்து கம்பளைக்கு அவளைத் தேடிப் போன் வரும். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள், கழிப்பறைக்குக் கூட்டிப்போவாள், கடித்தால் கடி வாங்குவாள். உரியவர் திரும்பி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் பெயரை ஞாபகம் வைத்திருக்கும் பிள்ளை ஒன்றோ இரண்டோ இருந்தால் பெரிய காரியம். அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதில்லை.

உரியவர் திரும்பி வரவே முடியாத இடத்துக்கு அவள் போனது ஒரே ஒரு தடவைதான்.

கண்டி டவுனுக்குள் ஒரு சின்னப் பாடசாலை. அங்கே உதவியாளராக இருந்த இரத்தினம்மா ஆகஸ்ட் விடுமுறையில் மாரடைப்பு வந்து இறந்துபோனாள். அவள் கையிலேயே வளர்ந்த பிள்ளை ஸக்கியா, அலவத்துகொடையிலிருந்து வருபவள். ஒன்பது வயது. பார்வை இல்லை, வலிப்பும் உண்டு. கை நடுங்குவதால் யாராவது ஊட்டவேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் வலிப்புக்கான ஒரு குளிசை விழுங்கவேண்டும். தொட்டுப் பார்த்து ஆளை அறியட்டும் என்று இரத்தினம்மா வகுப்பில் மட்டும் ஒரு முறுக்குச் செப்புக் காப்புப் போட்டுக்கொள்வாளாம். பாடசாலை தொடங்கி மூன்று நாளாக அந்தக் காப்புக் கை வரவில்லை. ஸக்கியாவும் சாப்பிட வாயைத் திறக்கவில்லை.

பாடசாலை அதிபர் சித்தி றலியா மேசை லாச்சியிலிருந்து காப்பை எடுத்து நீட்டினார்.

“இதப் போட்டுக்கொள்ளுங்க நல்லம்மா. டீச்சருக்குத் தொண்டை சரியில்ல, குரல் மாறிட்டுதுன்னு புள்ளைக்கிட்ட சொல்லியிருக்கு. கொஞ்ச நாளைக்குத்தான்.”

“செத்தவங்க சாமான் மிஸ். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“புள்ள சாப்பிடணுமே.”

அதற்கு மேல் என்னத்தைப் பேசுவது? போட்டுக்கொண்டாள். ஸக்கியாவின் விரல்கள் காப்பைத் தடவின, மேலேறி முழங்கைவரை போய்த் திரும்பின. பிறகு வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர்கள் இருக்கிறோமே, ஒரு பிள்ளையை ஏமாற்றிவிட்டால் நமக்கு எவ்வளவு நிம்மதி!

இரண்டாம் கிழமை பிள்ளையின் போக்கு மாறியது. ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் முன்னால் நல்லம்மாவின் விரல்களை முகர்ந்தாள். உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். ஒருநாள் நெஞ்சில் காதை வைத்தவள் எடுக்கவே இல்லை. நல்லம்மாவுக்கு மூச்சு விடவும் பயமாகிவிட்டது.

“டீச்சர், நீங்க ஈக்கிற எடம் இருட்டா?”

“கரண்ட் இருக்கும்மா. மழை பெஞ்சா போயிரும்.”

“வேற ஆக்கள் ஈக்காங்களா?”

“இல்லம்மா. நான் தனியாத்தான் இருக்கேன்.”

“கதைக்க ஒத்தரும் இல்லியா?”

“யாரு இருக்கா? செவுத்தோட பேச வேண்டியதுதான்.”

கம்பளையில் இருக்கும் தன் வீட்டை நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாள், பாவி. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். சொன்னதில் பொய்யும் இல்லை. பிள்ளை யோசித்து யோசித்துத் தலையாட்டியது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் நல்லம்மாவின் மணிக்கட்டு சில்லிட்டது. காப்பைக் கழற்றி லாச்சியில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் சூடு ஏறவில்லை.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை ஸக்கியா கதிரையிலிருந்து சரிந்து விழுந்தாள். வலிப்பு. நல்லம்மா அவளை ஒருக்களித்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அது நின்றபின் பிள்ளை பாயில் கிடந்து தூங்கியது. அதிபர் உம்மாவுக்குப் போன் பண்ணப் போனார். நல்லம்மா கீழே சிதறியதைப் பொறுக்கும்போது, திறந்து கிடந்த பிள்ளையின் பென்சில் பெட்டிக்குள் ஆறு குளிசைகள் இருந்தன. எச்சில் பட்டுக் காய்ந்து போயிருந்தன.

நல்லம்மா அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிள்ளை எழும்பும்வரை பக்கத்திலேயே இருந்து கேட்டாள்.

“ஏம்மா குளிசையத் துப்புன?”

“குளிசை போடாட்டி மௌத்தாகிப் போவன்னு உம்மா ஏசுவாங்க.”

“செத்துப்போவன்னு தெரிஞ்சுமா துப்புன?”

“நீங்க தனியத்தானே ஈக்கீங்க டீச்சர்.” ஸக்கியா குரலைத் தாழ்த்தினாள். “நீங்க மௌத்தானது எனக்குத் தெரியும். உம்மா வாப்பாக்கிட்ட சொன்னது கேட்டிச்சி. நான் ஒத்தருக்கும் சொல்லல்ல. சொன்னா நீங்க வரமாட்டீங்க தானே.”

நல்லம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று கிழமையாக இந்தப் பிள்ளை செத்தவள் கையால் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தே சாப்பிட்டிருக்கிறது. பயப்படவில்லை. துணைக்குப் போகத்தான் பார்த்திருக்கிறது.

காப்பு மணிக்கட்டை விட்டு வரமாட்டேன் என்றது. நல்லம்மா தோல் உரிய இழுத்துக் கழற்றினாள். பிள்ளையின் கையை எடுத்துத் தன் முகத்து அம்மைத் தழும்புகளில் வைத்தாள்.

“நான் இரத்தினம்மா டீச்சர் இல்லம்மா. என் பேரு நல்லம்மா. உசுரோடதான் இருக்கேன். அவங்களுக்குப் பதிலா வந்தேன். ஒன்கிட்ட பொய் சொன்னது எங்க தப்பு.”

விரல்கள் தழும்புகளின்மேல் ஊர்ந்தன, நின்றன, விலகின.

“அப்ப அந்த டீச்சர் தனியத்தான் ஈக்காங்களா?”

“தெரியாதும்மா” என்றாள் நல்லம்மா. அழுகை வந்தது. அடக்கவில்லை.

உம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார்கள். நல்லம்மா அந்த வகுப்பிலேயே தங்கிவிட்டாள். ஸக்கியா இப்போது அவளைப் பெயர் சொல்லித்தான், நல்லம்மா டீச்சர் என்றுதான், கூப்பிடுகிறாள். வெறும் கையால் ஊட்டினாலும் சாப்பிடுகிறாள். குளிசையைக் கொடுத்தால் தொண்டை அசைய விழுங்கியும் காட்டுகிறாள். நல்லம்மா நம்புவதில்லை. ஒவ்வொரு பகலும் “ஆ காட்டு” என்று விரலை விட்டு, நாக்குக்கு அடியில் தேடிப் பார்க்கிறாள்.