ஹில்க்கா அம்மா சொன்ன பதில்

மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த நாள்தொட்டு குஞ்சித்தம்பிக்குக் குசினிச் சமையல் வேலைதான் சோறு போட்டது. கடைசியாக அவர் நிலைத்தது, பின்லாந்துக்காரர் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே எல்லாருக்கும் அவர் 'தம்பி'. முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அவர் சுடும் ஏலக்காய் பணிஸுக்கு, அந்த இனிப்பு ரொட்டிக்கு, இல்லமே காத்துக் கிடக்கும்.

அதை அதிகம் மெச்சுகிறவர் அங்கே தங்கியிருக்கும் ஹில்க்கா அம்மா. குமராக இருந்தபோது பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, அடுத்தவர் வீடுகளில் தரை துடைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். குஞ்சித்தம்பியின் மனைவி தவறியபோது, ஊன்றுகோலோடு செத்தவீட்டுக்கு வந்து கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்தவரும் அவர்தான்.

அதனால், மகள் யதுஷாவுக்கு ஹெல்சிங்கியில் வீடியோ கேம் செய்யும் கொம்பனியொன்றில் வேலை கிடைத்ததும் குஞ்சித்தம்பி முதலில் ஓடியது அவரிடம்தான்.

"மகள் உங்கட நாட்டுக்குப் போகப்போறா. கொஞ்சம் பாஷை சொல்லிக் குடுப்பீங்களோ?"

ஹில்க்கா கோப்பையை வைத்தார். "அவளைப் போக விடாதே, தம்பி."

"ஏன், குளிரோ?" என்று சிரித்தார் குஞ்சித்தம்பி.

"குளிர் இல்லை. வேலை செய்யலாம், வரி கட்டலாம், எங்கள் பாஷையும் பேசலாம். ஆனால் அவள் எங்கள் ஆளாக மாட்டாள். அது பிறப்பில் வரவேண்டும். இப்போதே வெளியாட்கள் கூடிவிட்டார்கள் என்கிறான் அங்கிருக்கும் என் பெறாமகன், தங்கையின் பிள்ளை. சரியாகத்தான் சொல்கிறான்."

குரலில் கோபமே இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். குஞ்சித்தம்பிக்குக் காது அடைத்துப்போனது. வேறு யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அம்மா, நீங்கள் கனேடியனோ?"

"இதென்ன கேள்வி? கனேடியன்தான். பின்லாந்துக்காரியும்தான்."

"அப்ப நான்?"

"நீயும் கனேடியன்தான். யார் இல்லையென்றது?"

"இங்க நானும் நீங்களும் ஆகலாம். அங்க என்ர பிள்ளை ஆகேலாதோ?"

"இது வந்தவர்களின் நாடு. அது வேறு," என்றவர், இன்னொரு பணிஸ் கேட்டார்.

குஞ்சித்தம்பி எடுத்துக் கொடுத்தார்.

பிக்கரிங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். யதுஷா அதிரவில்லை. அதுவும் அவருக்கு அதிர்ச்சிதான்.

"ஐ நோ, அப்பா. அங்க எல்லாரும் அப்பிடியில்லை. ஆனா அப்பிடி நினைக்கிற ஆக்களும் இருக்கினம்."

"தெரிஞ்சுமோ போறாய்?"

"வேலைக்குத்தானே போறன். அவையின்ர ஆளாகிறதுக்கில்லை."

அடுத்த கிழமை ஹில்க்கா சொல்லி அனுப்பினார்: மகளைக் கூட்டிக்கொண்டு வா. குஞ்சித்தம்பிக்கு நம்ப முடியவில்லை. யதுஷா பாஷை படிக்கப் போய்வரத் தொடங்கினாள். உச்சரிப்புப் பிழைத்தால் கிழவி மேசையில் தட்டித் திருத்துவார். சரியாகச் சொன்னால் கன்னத்தைக் கிள்ளுவார்.

"மனம் மாறிட்டீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார் குஞ்சித்தம்பி.

"இல்லை. ஆனால் போகிற பிள்ளை ஊமையாகப் போய் நிற்கக் கூடாது."

இலையுதிர் காலத்தில் யதுஷா பறந்தாள். குஞ்சித்தம்பி இன்றும் ஹில்க்காவுக்குப் பணிஸ் கொண்டுபோய் வைக்கிறார். முன்புபோலக் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருக்க மட்டும் அவரால் முடிவதில்லை. ஹில்க்காவுக்குக் காரணம் விளங்கவேயில்லை.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று தாதியிடம் விசாரித்தாராம்.